புல்வெளியில் ஒரு பேரம்!

பணக்காரர்களின் பொழுதுபோக்குதானே என்று கோல்ஃப் ஆட்டத்தை ஒதுக்கி விடாதீர்கள், சகோதரர்களே! 18 குழிகளையும் ஆடி முடிக்க ஏறத்தாழ 4 மணி நேரமாகும். ஒரு நாட்டின் அதிபரோடு அவ்வளவு நேரம் மனம்விட்டுப் பேச எந்த அலுவலகத்தில் வாய்ப்புக் கிடைக்கும்?

ஜப்பான் இதை நன்கு உணர்ந்த நாடு. 1957 ஜூனில் பிரதமர் கிஷி, அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரோடு வாஷிங்டன் அருகே கோல்ஃப் ஆடினார். 12 ஆண்டுகளுக்கு முன்புவரை போர்க்களத்தில் மோதிய நாடுகள் அவை! கிஷியின் மகள்வழிப் பேரன் ஷின்சோ அபேயும் அதே வழியில் நடந்தார். தேர்தலில் வென்ற டிரம்ப் பதவியேற்கும் முன்பே, 2016 நவம்பரில் நியூயார்க் சென்று பொன்னிற கோல்ஃப் மட்டையைப் பரிசளித்தார். 2017 பிப்ரவரியில் ஃபுளோரிடாவில் இருவரும் சேர்ந்து ஆடினர்.

பலன் என்ன? நெருக்கம் வளர்ந்தது, நினைத்தபோது பேச முடிந்தது. ஆனால் 2018 மார்ச்சில் அமெரிக்கா இறக்குமதி எஃகுக்கு 25 சதவீதமும் அலுமினியத்துக்கு 10 சதவீதமும் வரி விதித்தபோது, ஜப்பானுக்கு விலக்குக் கிடைக்கவில்லை! ஆட்டத் தோழமை வேறு. நாட்டின் கணக்கு வேறு.

வணிகப் பெருமக்களே, இதில் நமக்கும் பாடம் இருக்கிறது. கல்லாவை விட்டு எழுந்து நாலு பேரோடு பழகுவதும் முதலீடுதான். அந்தப் பழக்கம் கதவைத் திறக்கும். உள்ளே போனபின் பேசவேண்டியது உங்கள் சரக்கு.

இளைஞர்களே! பெரிய மனிதர்களின் அறிமுகத்தைத் தேடுங்கள், தவறில்லை. அதை நம்பி, தரத்தையும் நாணயத்தையும் கோட்டை விட்டுவிடாதீர்கள்!