சயன்ஸ் வியாசமும் ஒரு சாஸ்திரந்தானா?

புராணப் புரட்டைப் பற்றி நம் கூட்டங்களில் பேசி முடித்தவுடன், சபையிலிருந்து யாராவது ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்பது இப்போதெல்லாம் வழக்கமாகிவிட்டது. “ரிஷி சொன்னார், சாஸ்திரத்தில் இருக்கிறது என்று நாங்கள் சொன்னால் மூடநம்பிக்கை என்கிறீர்கள். விஞ்ஞானி சொன்னார், பத்திரிகையில் வந்திருக்கிறது என்று நீங்கள் சொன்னால் அது மட்டும் பகுத்தறிவாகிவிடுமா? அந்தப் பத்திரிகையை நீங்கள் கண்ணால் பார்த்ததுண்டா? பார்த்தாலுந்தான் உங்களுக்கு விளங்குமா? எங்களுக்கு ஒரு சாஸ்திரம், உங்களுக்கு ஒரு சாஸ்திரம். இதில் என்ன வித்தியாசம்?” என்பதே அக்கேள்வி.

கேட்பவர்களில் பலர் கேலிக்காகவே கேட்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆனால் கேலிக்காகக் கேட்டாலும் கேள்வி நியாயமானது. இதற்குப் பதில் சொல்லாமல் நம் தோழர்களில் சிலர் கோபித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வது குருக்கள் வேலையேயொழிய நம்முடைய வேலையல்ல. நாம் காலேஜில் படித்துப் பட்டம் வாங்கியவரல்ல. ஆயினும், தேடிப் படித்தும் தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்த மட்டில், ஒரு சயன்ஸ் வியாசம் எப்படித் தயாராகிறது, எந்த வாசல்களைத் தாண்டி அச்சுக்குப் போகிறது என்பதைச் சொல்லுகிறோம். வித்தியாசம் உண்டா இல்லையா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

நிலக்கடலைச் செடியில் விழும் இலைப்புள்ளி நோய்க்கு ஒருவர் ஒரு மருந்து கண்டுபிடித்ததாக வைத்துக்கொள்வோம். அவர் “நான் கண்டேன், நம்புங்கள்” என்று எழுதி அனுப்பினால் எந்த யோக்கியமான பத்திரிகையும் அதைத் தொடாது. இந்நோயைப் பற்றித் தமக்கு முன்னே யார் யார் என்னென்ன கண்டார்கள் என்பதை அவர் முதலில் சொல்ல வேண்டும். பிறகு, எந்த ரக விதை, எத்தனை பாத்தி, எத்தனை பாத்திக்கு மருந்தடித்தார், எத்தனையை அடிக்காமல் சும்மா விட்டு ஒப்பிட்டார், எவ்வளவு மருந்தை எந்தெந்த நாளில் அடித்தார், புள்ளிகளை எண்ணிய ஆளுக்கு எது மருந்தடித்த பாத்தி என்பது முன்பே தெரியுமா தெரியாதா என்பவற்றையெல்லாம் ஒளிக்காமல் எழுத வேண்டும். அதன் பிறகு கிடைத்த கணக்கைப் பட்டியலாகப் போட வேண்டும். மருந்து பலிக்காத பாத்திகளின் கணக்கும் அதில் இருக்க வேண்டும். தம் முடிவு எந்த இடத்தில் தப்பாயிருக்கக் கூடும் என்பதைத் தாமே சொல்ல வேண்டும். கடைசியாக, இந்த வேலைக்குப் பணம் கொடுத்தது யார் என்பதையும் சொல்ல வேண்டும். மருந்துக் கம்பெனி கொடுத்திருந்தால் அதைப் பகிரங்கமாக எழுத வேண்டும்.

இவ்வளவும் எதற்காக? அவரைக் கண்டால் பிடிக்காத ஒருவன், வேறு தேசத்தில் வேறு நிலத்தில் அதே விதையைப் போட்டு, அதே மருந்தை அடித்துப் பார்த்து, “இவர் சொன்னது பொய்” என்று சொல்ல வசதியாயிருக்க வேண்டும் என்பதற்காக. சமையற்கட்டைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பாடு போடுவது போன்றது இது. மடைப்பள்ளியின் கதவைச் சாத்திவிட்டுப் பிரசாதம் கொடுப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியாமற் போனால் ஆச்சரியமில்லை.

எழுதியதும் ஒரு பத்திரிகைக்கு மாத்திரம் அனுப்ப வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு பத்திரிகைக்கு அனுப்புவது நாணயக் குறைவாகக் கருதப்படும். பத்திராதிபர் பார்த்து, அந்த மட்டிலேயே திருப்பியனுப்பினாலும் அனுப்பலாம். தகுதியுண்டு என்று தோன்றினால், அத்துறை தெரிந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்பி, “இதில் குற்றம் கண்டுபிடியுங்கள்” என்று கேட்பார். அவர்களுக்குப் பெரும்பாலும் கூலி கிடையாது. அவர்கள் யார் என்பது எழுதியவருக்குச் சாதாரணமாகத் தெரிவிக்கப்படுவதில்லை. சில பத்திரிகைகளில் எழுதியவர் யார் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் எழுப்பும் ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் எழுதியவர் வரி வரியாகச் சமாதானம் சொல்லவேண்டும், அல்லது திருத்த வேண்டும். இதிலேயே பல மாதங்கள் போய்விடும். கடைசியில் “வேண்டாம்” என்று வந்துவிடுவதும் உண்டு.

எந்த ஸ்தல புராணமாவது அச்சுக்குப் போகுமுன் பக்கத்து ஊர்க் கோயில்காரரிடம் கொடுத்துத் தப்புக் கண்டுபிடித்துத் தரும்படி கேட்கப்பட்டதுண்டா என்று நாமும் ஒரு கேள்வி கேட்கிறோம்.

பெரிய மனிதர்களுக்கு இந்த விதி இல்லையோ என்று சிலர் நினைக்கலாம். பேராசிரியர் ஐன்ஸ்டைனை விடப் பெரிய விஞ்ஞானியை நம் வாசகர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவரும் ரோஸன் என்பவரும் சேர்ந்து, ஈர்ப்பு அலைகள் என்பவை கிடையாது என்று முடிவு கட்டி ஒரு வியாசம் எழுதி, 1936-ஆம் வருஷத்தில் அமெரிக்காவிலுள்ள ‘பிசிகல் ரிவ்யூ’ என்ற பத்திரிகைக்கு அனுப்பினார்கள். அதன் பத்திராதிபர் டேட் என்பவர், ஐன்ஸ்டைன் எழுதியதாயிற்றே என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு அச்சுக்குக் கொடுத்துவிடவில்லை. வேறொருவருக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னார். அவர் பத்துப் பக்கத்திற்குக் குற்றம் எழுதியனுப்பினார். டேட் அதை அப்படியே ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிவைத்தார்.

ஐன்ஸ்டைனுக்குக் கோபம் வந்துவிட்டது. அச்சாகுமுன் பிறருக்குக் காட்ட நான் அனுமதி தரவில்லையே என்று எழுதி வியாசத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார். ஜெர்மனியில் அவர் பழகிய பத்திரிகைகளில் இவ்வழக்கம் அவ்வளவாக இல்லை. ஆனால் குற்றம் சொன்னவர் சொன்னது சரி. ராபர்ட்ஸன் என்ற அந்தப் பேராசிரியர், தாமே அப்படிக் குற்றம் எழுதியவர் என்பதைக் காட்டிக்கொள்ளாமல், ஐன்ஸ்டைனுடைய உதவியாளரிடம் பேச்சுவாக்கில் தப்பு இருக்கும் இடத்தைக் காட்டினார். முடிவில் ஐன்ஸ்டைன் தம் வியாசத்தை மாற்றி, அலைகள் இல்லை என்பதை விட்டுவிட்டு, 1937-இல் வேறொரு பத்திரிகையில் வெளியிட்டார். ராபர்ட்ஸனே அப்பரீட்சகர் என்பது பத்திரிகையின் பழைய தஸ்தாவேஜுகளிலிருந்து 2005-இல் தான் வெளியாயிற்று. அந்த ஈர்ப்பு அலை 2015 செப்டம்பர் 14-ந் தேதி அமெரிக்காவிலுள்ள இரண்டு கருவிகளில் பதிவாயிற்று. பதிவு கண்டவர்கள் மறுநாளே தம்பட்டம் அடிக்கவில்லை. கணக்கைச் சோதித்து, வியாசம் எழுதி, பரீட்சகர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு, 2016 பிப்ரவரி 11-ந் தேதியன்று வெளியிட்டார்கள். வெளியிட்டது அதே ‘பிசிகல் ரிவ்யூ’ குடும்பத்துப் பத்திரிகையில்.

ஜகத்குரு என்று சொல்லிக்கொள்ளும் எவருடைய வாக்கிலாவது பெயர் தெரியாத ஒருவர் பத்துப் பக்கத்துக்குப் பிழை எழுதி, அந்த வாக்கும் திருத்தப்பட்டதாக யாராவது காட்டுவார்களா?

இனி நம் தேசத்துச் சங்கதி ஒன்றைப் பார்ப்போம். வைமானிக சாஸ்திரம் என்று ஒரு புஸ்தகம் உண்டு. பரத்வாஜ ரிஷி ஆகாய விமானம் செய்யும் வித்தையைச் சொல்லியிருக்கிறார் என்று அதைக் காட்டி மேடைதோறும் முழங்குகிறார்கள். பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் இதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். “இது பொய்” என்று அவர்கள் சும்மா சொல்லிவிடவில்லை. அதில் சொல்லியிருக்கும் விமானங்களின் உருவத்தையும் அளவையும் எடுத்துக்கொண்டு, பறக்குமா என்று கணக்குப் போட்டார்கள். புஸ்தகத்தின் பாஷையைப் பார்த்தார்கள். அது எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார்கள். சுப்பராய சாஸ்திரி என்பவர் இருபதாம் நூற்றாண்டில் வாயால் சொல்ல, மற்றொருவர் எழுதிக்கொண்டது என்று தெரிந்தது. அந்த விமானங்களில் ஒன்றுக்கும் பறக்கும் யோக்கியதை இல்லை என்றும், புஸ்தகம் 1904-க்கு முற்பட்டதல்ல என்றும் கண்டு, 1974-இல் ஒரு பத்திரிகையில் தங்கள் பெயரைப் போட்டு வெளியிட்டார்கள்.

அதற்கு 41 வருஷங்கழித்து, 2015 ஜனவரியில் பம்பாயில் கூடிய இந்திய விஞ்ஞான காங்கிரஸ் மேடையிலேயே, பழைய காலத்து விமானங்களைப் பற்றி இதே புஸ்தகத்தை ஆதாரமாக வைத்து வாசித்தார்கள். மேடையில் வாசிப்பதற்கும் பரீட்சகர்களின் கையில் கொடுப்பதற்கும் உள்ள தூரத்தை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஐந்து பேருடைய கணக்கில் இன்ன வரியில் இன்ன தப்பு என்று எழுதியனுப்பினால் போதும். ரிஷியின் மானம் காப்பாற்றப்பட்டுவிடும். மேடைக்கு இருக்கும் கூட்டம் அந்த வேலைக்கு இல்லை.

நிற்க. இவ்வளவையும் கேட்டுவிட்டு, சயன்ஸ் பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் பரிசுத்தர்கள் என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். அங்கேயும் புரோகிதம் உண்டு, மேல் கீழ் உண்டு, கடைச்சரக்கும் உண்டு. நாம் மறைத்தால் எதிரி சொல்லுவான். ஆகையால் நாமே சொல்லிவிடுகிறோம்.

பீட்டர்ஸ், செசி என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒரு சோதனை செய்து அதை 1982-இல் வெளியிட்டார்கள். பேர்பெற்ற கலாசாலைக்காரர்கள் எழுதி ஏற்கனவே அச்சாகியிருந்த மனோதத்துவ வியாசங்கள் 12-ஐ எடுத்து, ஆசிரியர் பெயரையும் கலாசாலைப் பெயரையும் யாரும் கேள்விப்படாத பெயர்களாக மாற்றி, எந்தப் பத்திரிகையில் வந்ததோ அதற்கே மறுபடி அனுப்பினார்கள். மூன்று மாத்திரம் கண்டுபிடிக்கப்பட்டன. மீதி ஒன்பதில் எட்டை, “ஆராய்ச்சி முறை சரியில்லை” என்று அதே பத்திரிகைகள் தள்ளிவிட்டன. பெரிய மடத்துப் பெயர் நெற்றியில் இருந்தபோது சரியாயிருந்த முறை, பெயர் அழிந்ததும் கெட்டுப்போய்விட்டது! பிறந்த ஜாதியைப் பார்த்து மதிப்புப் போடுவதற்கும் இதற்கும் நாம் அதிக வித்தியாசம் காணவில்லை.

இதைவிடக் கொடுமை 1998-இல் நடந்தது. இங்கிலாந்தில் ‘லான்ஸெட்’ என்ற மிகப் பிரபலமான வைத்தியப் பத்திரிகையில், வேக்பீல்ட் என்ற டாக்டரும் கூட்டாளிகளும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய வியாசம் ஒன்று வந்தது. மணல்வாரி முதலியவற்றுக்குப் போடும் தடுப்பூசிக்கும் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக் கோளாறுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்ற பீதியை அது கிளப்பிவிட்டது. பெற்றோர்கள் பயந்து ஊசி போடாமல் விட்டார்கள். 2010-இல் அப்பத்திரிகை வியாசத்தை ரத்துச் செய்தது. டாக்டருடைய வைத்தியச் சன்னதும் அவ்வருஷமே பறிக்கப்பட்டது. ரத்தாக 12 வருஷம் ஆயிற்று. அந்தப் பயமோ இன்னும் ஊர் ஊராய்ச் சுற்றுகிறது.

அடுத்தது கடைக்காரர்கள். எழுதுபவனிடம் பணத்தை வாங்கிக்கொண்டு, எதைக் கொடுத்தாலும் அச்சிடும் பத்திரிகைகள் கிளம்பியிருக்கின்றன. 2013-இல் பொஹானன் என்ற பத்திரிகை நிருபர், புற்றுநோய்க்கு மருந்து கண்டதாக வேண்டுமென்றே தப்புத் தப்பாக ஒரு வியாசம் தயாரித்து, இல்லாத ஆசிரியர் பெயரும் இல்லாத கழகப் பெயரும் போட்டு 304 பத்திரிகைகளுக்கு அனுப்பினார். 157 பத்திரிகைகள் ஏற்றுக்கொண்டன, 98 தான் மறுத்தன. இந்தியாவிலிருந்து நடப்பவைகளில் ஏற்றவை 64, மறுத்தவை 15. வெட்கப்படுவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இக்கடைகளுக்கு வியாபாரம் எங்கிருந்து வந்தது? டாக்டர் பட்டத்துக்குப் படிப்பவன் வியாசம் ஒன்று அச்சேற்றியே தீரவேண்டும் என்று 2009-இல் பல்கலைக்கழக மான்யக் குழு விதி செய்தது. நல்ல எண்ணந்தான். ஆனால் திவசத்துக்குப் புரோகிதன் வேண்டும் என்று விதி வைத்தால் புரோகிதனும் வருவான், தட்சிணையும் உயரும். குழுவே அங்கீகரித்த பத்திரிகைப் பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் 4,305 பெயர்களை நீக்கவேண்டி வந்தது. 2022-இல் அந்தக் கட்டாய விதியையே எடுத்துவிட்டார்கள். இதற்கிடையில், கூலி வேலை செய்து மகனைப் படிக்க வைத்த தகப்பன்மார் எத்தனை பேர் இக்கடைகளுக்குத் தட்சிணை கட்டினார்களோ! வேலையில் விரலைக்கூட அசைக்காத மேலதிகாரியின் பெயர் வியாசத்தின் தலையில் ஏறும் வழக்கத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். உழுதவன் ஒருவன், பட்டா வேறொருவன் பெயரில்!

“பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரியாய்ப் போயிற்றே” என்று சனாதனத் தோழர்கள் இவ்விடத்தில் துள்ளுவார்கள். கொஞ்சம் பொறுக்கட்டும். மேலே சொன்ன குற்றங்களை நாம் எங்கிருந்து எடுத்தோம்? 1982-ஆம் வருஷத்துச் சோதனை ஒரு சயன்ஸ் பத்திரிகையில் வந்தது. 2013-ஆம் வருஷத்துச் சோதனை ‘சயன்ஸ்’ என்ற பெயருடைய பத்திரிகையிலேயே வந்தது. வேக்பீல்டின் வியாசத்தை ரத்துச் செய்தது அதை வெளியிட்ட பத்திரிகையே. வெளியே இருந்து ஒரு நிருபர் விடாமல் துருவியது அதற்கு முக்கிய காரணம் என்பதும் உண்மை. துருவ முடிந்ததன் காரணம், எத்தனை குழந்தைகள், என்ன சோதனை, என்ன முடிவு என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்ததுதான். எழுதியதை ஆஸ்பத்திரிக் குறிப்போடு ஒத்துப் பார்க்க முடிந்தது. கனவில் வந்து சொன்ன தெய்வத்தின் வார்த்தையை எந்தக் குறிப்போடு ஒத்துப் பார்ப்பது? எந்தப் புராணம், எந்த வருஷத்தில், இன்ன காரணத்தால் வாபஸ் வாங்கப்பட்டது?

ஆகவே, பத்திரிகையில் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம் தோழர்கள் கைகூப்ப வேண்டியதில்லை. பல்பொடி விளம்பரக்காரனும் “விஞ்ஞானிகள் நிரூபித்தது” என்கிறான், மூலிகை லேகியக்காரனும் அதையே சொல்லுகிறான். எந்தப் பத்திரிகை, எந்த வருஷம், எத்தனை பேரிடம் பரீட்சித்தது, ஒப்பிட்டுப் பார்க்கச் சும்மா விட்டவர்கள் எத்தனை பேர், பணம் யாருடையது, பிறகு வேறு எவராவது செய்து பார்த்தார்களா என்று கேட்க வேண்டும். இதற்கு இங்கிலீஷ் பாஷை வேண்டியதில்லை. சந்தையில் மாடு பிடிக்கிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிற புத்தியே போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எதிரியின் கேள்வி நம்மை விட்டுப் போக மறுக்கிறது. “உங்களுக்கு விளங்குமா?” என்று கேட்டாரல்லவா? ஆராய்ச்சி செய்கிறவருக்குச் சம்பளம் பெரும்பாலும் ஜனங்களின் வரிப்பணம். பரீட்சகர் இலவசமாய் உழைக்கிறார். பத்திரிகைக் கம்பெனியோ படிப்பவரிடம் சந்தா வாங்குகிறது, அல்லது எழுதுபவரிடம் கட்டணம் வாங்குகிறது. ‘நேச்சர்’ பத்திரிகை, எல்லோரும் இலவசமாய்ப் படிக்கும்படி ஒரு வியாசத்தை வெளியிட 9,500 யூரோ என்று 2020-இல் அறிவித்தது. நம் சர்க்கார், தன் கலாசாலைகளில் உள்ளவர்கள் சுமார் 13,000 பத்திரிகைகளைப் படிப்பதற்காக 2025 முதல் மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. கல் சுமந்து கோயில் கட்டியவனை வாசலில் நிறுத்திக் காசு கேட்ட கதை நமக்குப் புதிதல்ல. அந்த 6,000 கோடியில் நம் கிராமத்தார் தீப்பெட்டிக்குக் கொடுத்த காசும் இருக்கிறது. ஆகையால், இந்நாட்டுக் கலாசாலைகளில் சர்க்கார் பணத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒவ்வொருவரும், தம் வியாசம் அச்சான மாதத்திலேயே, என்ன செய்தோம், எப்படிச் செய்தோம், என்ன கண்டோம், எது பலிக்கவில்லை என்பதைத் தமிழில் ஒரே ஒரு பக்கம் எழுதி, கேட்பவர்களுக்கெல்லாம் இலவசமாய்க் கொடுக்க வேண்டும் என்று விதி செய்யும்படி கேட்கிறோம். தங்கள் ஜில்லாவிலுள்ள கலாசாலைகளுக்கும், சட்டசபை மெம்பர்களுக்கும் வாசகர்கள் ஒரு கார்டு எழுதிப்போட இதுவே சமயம்.