சீட்டில் என் முகம் இருந்தால் அது என்னைப் பற்றிப் பேசுமா?

அறிவியல் பக்கத்தில் டாரட் சீட்டுகளுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். மாணவர்கள் எதைப் பற்றி ஆர்வத்தோடு பேசுகிறார்களோ, அங்கிருந்துதான் அறிவியல் கேள்விகளும் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். பள்ளி உணவகத்தில் மாணவர்கள் சிலர் கைப்பேசியைச் சுற்றி அமர்ந்து, “மூன்றாவது சீட்டு எனக்கு அப்படியே பொருந்துது” என்று வியப்பதை நான் அடிக்கடி கேட்கிறேன்.

இப்போது பலரைக் கவர்வது பல இன மக்களின் உருவங்களைக் கொண்ட புதிய வகைச் சீட்டுக்கட்டு. அதில் ஆப்பிரிக்கர், ஆசியர், பூர்வகுடியினர் என எல்லாரும் இருக்கிறார்கள். அரசியின் நிறம் மாநிறம். துறவியின் முகம் நம் தாத்தாவின் முகம். “இது எனக்கான கட்டு” என்ற உணர்வு உடனே வந்துவிடுகிறது. அந்த உணர்வு எங்கிருந்து வருகிறது, எதற்கு அது சான்று, எதற்குச் சான்றன்று என்பதைப் பார்ப்போம்.

விளையாட்டாகத் தொடங்கியது

டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஒரு சீட்டாட்டமாகத் தோன்றியது. குறி சொல்வதற்காக அது உருவாக்கப்படவில்லை. 1781இல் கூர் டி ஜெபலான் என்ற பிரெஞ்சு எழுத்தாளர், இது பண்டைய எகிப்தியரின் ஞான நூல் என்று எழுதினார். அப்போது எகிப்தியச் சித்திர எழுத்துகளைப் படிக்க உலகில் யாருக்கும் தெரியாது. ஷம்போலியோன் அவற்றைப் படிக்கும் வழியைக் கண்டறிந்தது 1822இல்தான். அதாவது, சான்று எதுவும் இல்லாமலேயே எகிப்தின் பெயர் சீட்டின் மேல் ஒட்டப்பட்டது.

இன்று உலகெங்கும் அறியப்படும் 78 படங்களை லண்டனில் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் வரைந்தார். 1909இல் அவை வெளிவந்தன. அவற்றில் இருப்பவர்கள் பெரும்பாலும் இடைக்கால ஐரோப்பிய உடை அணிந்தவர்கள். 1981இல் வெளிவந்த மதர்பீஸ் என்ற வட்ட வடிவக் கட்டு, பல பண்பாடுகளின் பெண்களையும் தெய்வங்களையும் சேர்த்துக்கொண்டது. அதன் பிறகு இத்தகைய கட்டுகள் பெருகின.

ஓவியம் என்ற அளவில் இதை நான் வரவேற்கிறேன். பாடநூலிலோ திரைப்படத்திலோ தன் இனத்து முகத்தைக் காணாத பிள்ளைக்கு, ஒரு சீட்டில் அதைக் காண்பது மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு படத்தில் எல்லா இனத்தவரும் இருப்பது வேறு, அந்தப் படத்துக்கு எதிர்காலம் தெரியும் என்பது வேறு. முதலாவது நியாயமான மகிழ்ச்சி. இரண்டாவது சோதிக்க வேண்டிய கூற்று. 1781இல் எகிப்தின் பெயர் செய்த வேலையை, இன்று சில கட்டுகளில் பல பண்பாடுகளின் தெய்வங்கள் செய்கின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது.

39 மாணவர்கள், ஒரே பலன்

1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை நடத்தினார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் ‘உங்கள் முடிவு’ என்று ஒரு தாளைக் கொடுத்தார். அது எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகுதான் உண்மையைச் சொன்னார்: எல்லாருடைய தாளிலும் இருந்தது ஒரே பத்திகள். பெரும்பகுதியை அவர் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார்.

“உங்களிடம் வெளிவராத திறமை இருக்கிறது”, “சில வேளைகளில் எடுத்த முடிவு சரியா என்று தயங்குகிறீர்கள்” போன்ற வரிகள் யாருக்குத்தான் பொருந்தாது? பின்னர் நடந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. இது உங்களுக்காகவே தயாரிக்கப்பட்டது என்று சொன்னால், அதே வரிகளை மக்கள் இன்னும் அதிகமாக ஏற்கிறார்கள். நம் நிறமும் நம் சாயலும் கொண்ட சீட்டு, வாயைத் திறக்காமலே “இது உனக்காக” என்று சொல்லிவிடுகிறது. அதனால்தான் அதனிடம் கூடுதல் கவனம் தேவை என்கிறேன்.

நம் ஊர்க் கிளியும் கணக்கும்

சீட்டு எடுத்துக் குறி சொல்வது நமக்குப் புதிதன்று. சிராங்கூன் சாலையில் சீட்டு எடுத்த மணி என்ற கிளி, 2010 உலகக் கிண்ணக் காற்பந்தின் காலிறுதி ஆட்டங்கள் நான்கிலும் வென்ற அணியைச் சரியாக எடுத்துப் புகழ்பெற்றது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் நான்கும் சரியாக அமைய 16இல் ஒரு வாய்ப்பு உண்டு. 16 கிளிகள் சீட்டு எடுத்தால் ஒன்றாவது புகழ்பெறுவதில் வியப்பில்லை. இறுதியாட்டத்தில் மணி நெதர்லாந்தை எடுத்தது. வென்றது ஸ்பெயின். பலித்தது செய்தியாகிறது, பலிக்காதது மறந்துபோகிறது.

டாரட்டிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கடந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என மூன்று சீட்டுகளை வரிசையாக எடுக்கிறீர்கள். 78 × 77 × 76 = 456,456 வழிகள். சீட்டுகள் உண்மையிலேயே உங்களைப் பற்றிப் பேசினால், அவற்றுள் மிகச் சில வரிசைகளே உங்களுக்குப் பொருந்த வேண்டும். கட்டைக் கலைத்து வேறு மூன்றை எடுத்துப் பாருங்கள். அதுவும் பொருந்தும். எந்தச் சாவி போட்டாலும் திறக்கும் பூட்டு, எந்தச் சாவியைப் பற்றியும் நமக்கு ஒன்றும் சொல்வதில்லை.

பயத்துக்கு ஒரு படம்

விளையாட்டுக்குத்தானே, இதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். உயர்நிலை இரண்டில் பாடத் தெரிவு நேரத்தில் ஒரு மாணவி என்னிடம் வந்து, “இயற்பியல் வேண்டாம் சார், கோபுரச் சீட்டு வந்தது” என்றார். மின்னல் தாக்கி, மனிதர்கள் கீழே விழும் படம் அது. அவருடைய தேர்வுத்தாள்கள் மூன்றை எடுத்துப் பார்த்தோம். மதிப்பெண் போனதெல்லாம் பெரும்பாலும் சென்டிமீட்டரை மீட்டராக மாற்றுவது போன்ற அலகுக் கணக்குகளில். இரண்டு வாரப் பயிற்சியில் சரிசெய்யக்கூடிய குறை. சீட்டு அவருக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. ஏற்கெனவே மனத்தில் இருந்த பயத்துக்கு ஒரு படம் கொடுத்தது. பயத்தை வெளியே பேச அது உதவியது உண்மை. ஆனால் முடிவுக்கான தகவல் தேர்வுத்தாளில் இருந்தது.

நீங்களே சோதியுங்கள்

நான் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஐந்து நண்பர்கள் சேருங்கள். சீட்டுப் பார்க்கத் தெரிந்த ஒருவர், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சீட்டு எடுத்துப் பலனை எழுதட்டும். யாரும் தம் சீட்டைப் பார்க்கக் கூடாது. தாளில் பெயர் வேண்டாம், எண் மட்டும் போதும். ஆணா பெண்ணா, எந்த இணைப்பாட நடவடிக்கை போன்ற துப்புகளும் கூடாது. எந்தத் தாள் யாருடையது என்று தெரியாத ஒருவர் ஐந்தையும் எல்லாரிடமும் காட்டட்டும். ஒவ்வொருவரும் தம்முடையதைத் தேர்ந்தெடுக்கட்டும். தற்செயலாகவே சராசரியாக ஐவரில் ஒருவர் சரியாகச் சொல்வார். அதைவிடத் தொடர்ந்து அதிகமானோர் சரியாகச் சொன்னால்தான் சீட்டுக்குச் சக்தி உண்டா என்று யோசிக்கலாம். ஒருமுறை போதாது, பலமுறை செய்யுங்கள்.

இதே முறையில் ஷான் கார்ல்சன் என்ற ஆய்வாளர் சோதிடர்களைச் சோதித்து, 1985இல் நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டார். ஒரு சாதகத்துக்குரிய ஆளுமைக் குறிப்பை மூன்றிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பாதிக்கு மேல் சரியாக வரும் என்பது சோதிடர்களின் எதிர்பார்ப்பு. வந்தது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. குருட்டாம்போக்கில் எடுத்தாலும் அதுதான் வரும்.

அழகான சீட்டுக்கட்டு பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். படங்களை ரசியுங்கள், அவற்றின் கதைகளைத் தேடிப் படியுங்கள். எந்தப் பாடம் படிப்பது, யாரோடு நட்பை முறிப்பது என்ற முடிவுகளுக்கு மட்டும் அதைக் கேட்காதீர்கள். அதற்கு உங்கள் தேர்வுத்தாள் இருக்கிறது, நண்பர் இருக்கிறார், ஆசிரியர் அறையின் கதவும் திறந்தே இருக்கிறது.