பிக்னிக் போகவா ஒரு ரசிகர் வட்டம்?

போன மாதம் எங்கள் நண்பர்கள் வட்டத்தின் வருடாந்திரக் கூட்டம் நடந்தது. நண்பர்கள் வட்டம் என்றதும் ஏதோ அரட்டைக் கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். (அப்படித்தான் ஆகிவிட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரையே!) சென்னையில் இருக்கும் ஒரு சின்ன நவீன நாடகக் குழுவுக்குத் துணையாக நிற்க வேண்டும் என்று நான்கு வருடங்களுக்கு முன் ஆரம்பித்த வட்டம் இது. மொத்தம் 34 பேர். வங்கி ஊழியர்கள், ஆசிரியர்கள், ஐ.டி.காரர்கள், கூடவே என்னைப் போன்ற மாணவர்கள் சிலர். வருடச் சந்தா 1,000 ரூபாய், மாணவர்களுக்குப் பாதி.

கூட்டத்தில் முதலில் பேசியது, இந்த வருடச் சுற்றுலா ஏலகிரியா, ஏற்காடா என்பதைப் பற்றி. முக்கால் மணி நேரம்! அடுத்து டி-ஷர்ட் கறுப்பா நீலமா என்று இருபது நிமிடம். அப்புறம் ஆண்டு விழாவுக்கு பிரியாணி யாரிடம் சொல்வது. கடைசியில், பாதிப் பேர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, நாடகத்தின் இயக்குநர் எழுந்து, "அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை ஆரம்பிச்சாச்சு... கொஞ்சம் டிக்கெட் விக்க உதவி பண்ணுங்க" என்றார். "கண்டிப்பா சார்!" என்று நான்கைந்து குரல்கள். இரண்டே நிமிடம். கூட்டம் முடிந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். நாம் யாருக்கு நண்பர்கள்? நாடகத்துக்கா, ஏலகிரிக்கா?

போன வருடக் கணக்கைச் சொல்கிறேன், நீங்களே முடிவு பண்ணுங்கள்.

போன வருடச் சுற்றுலாவுக்கு மினி பஸ்ஸில் போனவர்கள் 29 பேர். பஸ் வாடகையும் சாப்பாடும் சேர்த்து வட்டத்தின் கணக்கில் இருந்து 24,000 ரூபாய் போனது. மூன்று வாரம் கழித்து எங்கள் குழுவின் புது நாடகம், இரண்டு நாள். முதல் நாள் வந்தவர்கள் 41 பேர், இரண்டாம் நாள் 27 பேர். இரண்டு நாளும் சேர்த்து எங்கள் வட்டத்தில் இருந்து வந்தவர்கள் பதினொரு பேர்! அடுத்த வாரம் மூன்றாவது காட்சி போடுவதாக இருந்தது. அரங்கத்துக்கு 12,000 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும். குழுவிடம் பணம் இல்லை. வட்டத்தின் கணக்கிலும் இல்லை. காட்சி ரத்தானது. பஸ்ஸுக்கும் பிரியாணிக்கும் போன பணத்தில் இரண்டு காட்சிகள் போட்டிருக்கலாம்.

அந்த நாடகத்தில் அம்மா வேடம் போட்ட அக்கா ஒரு தையல்கடையில் வேலை பார்க்கிறவர். இரண்டு மாதம் வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி ஒத்திகைக்கு வந்தார். முதல் நாள் அவருடைய கடைசிக் காட்சி சரியாக அமையவில்லை, நான் பார்த்தேன். இரண்டாம் நாள் நன்றாக வந்ததாம். நான் பார்க்கவில்லை, அன்று ஒரு நண்பனின் பிறந்தநாள். பிறகு ஒருநாள் டீக்கடையில் அவரைப் பார்த்தபோது சிரித்துக்கொண்டே, "மூணாவது தடவ பண்ணியிருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும் தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார், குறை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்த டீ இறங்கவில்லை.

சினிமா என்றால் டப்பாவில் இருக்கும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். நாடகம் அப்படியில்லை. போடாத மூன்றாவது காட்சி உலகத்தில் எங்கேயும் கிடையாது. அதை நாங்கள் இட்லியோடும் பொங்கலோடும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டோம்.

உடனே என்னை உம்மணாமூஞ்சி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த 29 பேரில் நானும் ஒருவன். பஸ்ஸில் அந்தாக்ஷரி ஆரம்பித்ததே நான்தான். என் போனில் அந்தச் சுற்றுலாப் படங்கள் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. நாடகத்தின் படம் ஒன்றுகூட இல்லை. சுற்றுலா வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. எங்கே போகிறோம், எதற்காகப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

இது புதிய வியாதியும் இல்லை. 1891-இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சேர்ந்து சுகுண விலாச சபையை ஆரம்பித்தார்கள். படித்தவர்கள் மேடை ஏறுவதே கேவலம் என்று நினைத்த காலம். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் உறுப்பினர்களாகி, அவர்களே வேடம் கட்டினார்கள். சத்தியமூர்த்தி அந்த மேடையில் நடித்திருக்கிறார். அவர்களும் வெளியூர் போனார்கள், பெங்களூர் போனார்கள், இலங்கை போனார்கள். ஆனால் போனது நாடகம் போட! அவர்களுடைய சுற்றுலாவே நாடகம்தான். அதே சபை காலப்போக்கில் உறுப்பினர்களின் பொழுதுபோக்குக் கிளப்பாக மாறிப்போனது. யாரும் கெட்ட எண்ணத்தோடு அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். நாடகம் போடுவது கஷ்டம், சேர்ந்து உட்கார்ந்து பேசுவது சுலபம். சுலபமானது எப்போதும் கஷ்டமானதைத் தின்றுவிடும். நூறு வருடப் பெருமை உள்ள சபைக்கே அந்தக் கதி என்றால், நான்கு வருட வட்டம் எம்மாத்திரம்?

பிறகு வந்த சபாக்களையும் பாருங்கள். வருடச் சந்தா கட்டினால் மாதம் ஒரு நாடகம். நல்ல ஏற்பாடுதான், எத்தனையோ அமெச்சூர் குழுக்களை அதுதான் வாழவைத்தது. ஆனால் பெரும்பாலான உறுப்பினருக்கு நாடகத்தோடு இருந்த உறவு ஒரு நாற்காலி மட்டும்தான். 1975-இல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. மெல்ல மெல்ல வீட்டு நாற்காலியே வசதியாகப் போயிற்று. டி.வி. வந்து நாடகத்தைக் கொன்றது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை என்பேன். ஒத்திகையைப் பார்த்தவனும் திரைச்சீலை தைத்தவனும் அவ்வளவு சீக்கிரம் விட்டுப் போக மாட்டான். டிக்கெட்டை மட்டும் வைத்திருந்தவன்தான் போவான். இன்றைக்கு டிசம்பர் வந்தால் எந்த சபா கேன்டீனில் என்ன விசேஷம் என்று பேசுகிற அளவுக்கு எந்த சபாவில் என்ன நாடகம் என்று யாராவது பேசுகிறார்களா?

சரி, குறை சொல்வது சுலபம், என்ன செய்யலாம் என்று சொல் என்கிறீர்களா? சொல்கிறேன்.

முதல் சுற்றுலா, நம் குழு ஒத்திகை பார்க்கும் மொட்டை மாடிக்கு. செலவு பஸ் டிக்கெட் மட்டும். மாதம் ஒருமுறை ஐந்தைந்து பேராகப் போய் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். செல்போனை அணைத்துவிட வேண்டும், நடுவில் பேசக் கூடாது, யோசனை சொல்லவே கூடாது. ஒரே வசனத்தை ஒரு நடிகர் இருபது தடவை சொல்வதைப் பார்த்தவன், அந்த நாடகம் மேடை ஏறும் நாளில் பிறந்தநாள் விருந்துக்குப் போக மாட்டான். இது என் அனுபவத்தில் சொல்வது.

இரண்டாவது, ஒரு கூத்து இரவு. பங்குனி முதல் ஆடி வரை காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். நாம் போவதாக இருந்தால் ஒரு மணி நேரம் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பக் கூடாது. சாயங்காலமே போய்விட வேண்டும். நடிகர்கள் தாங்களே முகத்துக்கு அரிதாரம் பூசுவதில் இருந்து பார்க்க வேண்டும். இரண்டு பேர் திரையைப் பிடிக்க, அதற்குப் பின்னால் நின்று வேடம் பாடுவதையும், கட்டியக்காரன் ராஜாவையே கிண்டல் பண்ணுவதையும், விடியற்காலையில் குரல் கம்மியும் ஆட்டம் தளராததையும் பார்க்க வேண்டும். முக்கியமாக, கூட்டத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வீடு வரி வசூலித்து, வெற்றிலை பாக்கு வைத்து, இன்ன இரவு இன்ன கூத்து என்று பேசி முடித்து, ஆட வந்தவர்களுக்குச் சோறும் போடுகிறார்கள். அவர்கள் யாரும் டி-ஷர்ட் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் நண்பர்கள் வட்டம் என்றால் அதுதான்!

மூன்றாவது, கொஞ்சம் தூரம். கர்நாடகத்தில் சாகர் பக்கத்தில் ஹெக்கோடு என்று பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு கிராமம். அங்கே 1949-இல் ஆரம்பித்த நீநாசம் இருக்கிறது. அதைக் கட்டி வளர்த்த கே.வி. சுப்பண்ணா பாக்கு விவசாயி. 1991-இல் மகசேசே விருது வாங்கியவர், 2005-இல் காலமானார். அங்கே நாடகப் பள்ளி உண்டு. 1985 முதல் ஊர் ஊராகப் போகும் 'திருகாட்ட' என்ற நாடகக் குழுவும் உண்டு. அக்டோபரில் அவர்கள் நடத்தும் பண்பாட்டு முகாம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். வெளியூர் ஆட்கள் வந்து தங்குவார்கள். சாயங்காலம் நாடகம், மறுநாள் காலையில் அதே நாடகத்தைப் பற்றி எல்லோரும் உட்கார்ந்து பேச்சு. கும்மாளம் இல்லை என்று யார் சொன்னது? ஆனால் கும்மாளத்துக்கு நடுவில் நாடகம் இருக்கிறது. ஏற்காட்டுக்கு இரண்டு வருடம் போகிற காசைச் சேர்த்து வைத்தால் ஹெக்கோடு போய்வரலாம்.

நான்காவது சுற்றுலா, மேடைக்குப் பின்னால். விளக்கு தூக்க ஆள் வேண்டும், நாற்காலி போட ஆள் வேண்டும், வாசலில் டிக்கெட் கிழிக்க ஆள் வேண்டும். ஆட்டோவில் சாமான் ஏற்றி இறக்க ஆள் வேண்டும். இப்போது இதையெல்லாம் நடிகர்களே செய்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேடை ஏறுகிறார்கள். 34 பேர் இருக்கும் வட்டத்தில் ஒரு காட்சிக்கு நான்கு பேர் போதும்.

இதைச் செயலாளர் அண்ணனிடம் சொன்னபோது மூன்று பதில்கள் கிடைத்தன.

முதல் பதில்: "இப்படியெல்லாம் வேலை வாங்கினா ஒருத்தனும் வரமாட்டான்." இருக்கலாம். 34 பேர் 14 ஆகலாம். ஆனால் இப்போதும் நாடகத்துக்கு வருவது பதினொரு பேர்தானே அண்ணே! கணக்குப்படி மூன்று பேர் லாபம்தான் :-)

இரண்டாவது: "நடிகர்களும்தானே நம்மகூட வர்றாங்க, அவங்களுக்கும் ஓய்வு வேணாமா?" நியாயமான கேள்வி. போன தடவை எத்தனை நடிகர்கள் வந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு பேர். மற்றவர்களுக்கு அன்று வேலை நாள். வந்த இரண்டு பேரையும் "ஒரு சீன் நடிச்சுக் காட்டுங்க" என்று பஸ்ஸில் நிற்க வைத்தோம். அதற்குப் பெயர் ஓய்வா?

மூன்றாவது பதில்தான் கொஞ்சம் யோசிக்க வைத்தது. "தம்பி, பழக்கம் இல்லாம நட்பு வராது. ஒண்ணா ஊருக்குப் போனாத்தான் ஒரு வட்டம் ஒட்டும். ஒட்டினாத்தான் அடுத்து எதுவும் நடக்கும்." இதில் உண்மை இருக்கிறது. நானே அந்த பஸ்ஸில்தான் பாதிப் பேரின் பெயரைத் தெரிந்துகொண்டேன். ஆனால் நான்கு வருடமாக ஒட்டிக்கொண்டே இருக்கிறோம் அண்ணே. அந்த "அடுத்து" எப்போது?

அதனால் அடுத்த கூட்டத்தில் நான் மூன்று தீர்மானங்கள் கொண்டுவரப் போகிறேன். ஒன்று, சந்தாப் பணத்தில் பாதியை வருட ஆரம்பத்திலேயே அரங்க முன்பணத்துக்கு என்று தனியாக எடுத்து வைப்பது. அதைத் தொடவே கூடாது. இரண்டு, வட்டத்தின் எந்தச் சுற்றுலாவும் ஒரு நாடகத்தையோ கூத்தையோ ஒத்திகையையோ பார்ப்பதாக இருக்க வேண்டும். போகும் வழியில் அருவியில் குளிக்கலாம், ஆட்சேபணை இல்லை! மூன்று, ஒவ்வொரு உறுப்பினரும் ஒவ்வொரு நாடகத்துக்கும் வட்டத்துக்கு வெளியே இருந்து ஒருவரையாவது டிக்கெட் வாங்க வைத்து அழைத்துவர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர், மாமா, ஹாஸ்டல் ரூம்மேட், யாராக இருந்தாலும் சரி.

தோற்றுப்போகும் என்றுதான் நினைக்கிறேன். ஏற்காட்டுக்கு ஏற்கெனவே பஸ் பேசியாகிவிட்டது என்று கேள்வி. பரவாயில்லை. தோற்றாலும் இந்த முறை என் பங்கு சுற்றுலாப் பணத்தை அரங்க முன்பணத்துக்குத்தான் கொடுக்கப் போகிறேன். இரண்டு நாளும் போவேன். மூன்றாவது நாள் என்று ஒன்று இருந்தால் அதற்கும் போவேன். அந்த அக்கா மூன்றாவது தடவை எப்படிப் பண்ணுவார் என்று எனக்குப் பார்க்க வேண்டும்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு குழுவும் அதற்கு ஒரு வட்டமும் இருக்கலாம். இருந்தால் ஒரே ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கடைசிச் சுற்றுலாவுக்கு எத்தனை பேர், கடைசி நாடகத்துக்கு எத்தனை பேர். இரண்டாவது எண் பெரியதாக இருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். உங்கள் வட்டத்தில் வந்து சேர்ந்துகொள்கிறேன்!