தோள்நோவும் தொட்டுச் செய்யும் வைத்தியமும்

ஒலுவில் கடற்கரையிலே கரைவலை இழுப்போரைக் கண்டவர்கள், மனிதனுடைய தோளுக்கு எத்துணை வலிமை உண்டு என்பதை அறிவார்கள். அங்கே பல்லாண்டுகளாக வலை இழுத்துவரும் பெரியவர் ஒருவர், என் பழைய மாணவனின் தந்தையார், சென்ற வாரம் என்னைக் கண்டதும், "சேர், எட்டு மாசமா வலக்கை தலைக்கு மேல எழும்புதில்ல. ஆரும் பிடிச்சு ஒரு இழுவை இழுத்தாச் சரியாகுமா?" என்று கேட்டார். கை எழாவிட்டால் அவர் வீட்டில் உலை ஏறாது. ஆகவே அவருடைய கேள்வியைச் சிறிதாகக் கொள்ள என்னால் இயலவில்லை.

நானும் அந்நோவினால் வருந்தியவனே. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், கரும்பலகையின் மேல்வரியில் எழுத எனக்குக் கை எழவில்லை. சட்டை அணிவதற்கும் மனைவியின் உதவி வேண்டியிருந்தது. மாணவர் அறியலாகாது என்ற வீண் பெருமையினால், பலகையின் கீழ்ப்பாதியிலேயே எழுதி ஐந்து மாதங்களைக் கழித்தேன். பின்னர் சித்த வைத்தியர் ஒருவர், இதனைக் கும்பவாதம் என்று கூறி, தைலமிட்டுத் தொக்கணம் செய்தார். நோவு தணிந்தது, உறக்கம் வந்தது, ஆனால் கை உயரவில்லை.

கையால் தொட்டுச் செய்யும் சிகிச்சை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலே அன்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்னும் வைத்தியர், 1864 இல் தம் பிள்ளைகள் மூவரை மூளைக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். அக்கால மருந்துகளில் நம்பிக்கை இழந்த அவர், என்பு, மூட்டு, தசை ஆகியவற்றைக் கையினாற் சீர்செய்யும் ஒஸ்தியோபதி முறையை 1874 இல் வெளியிட்டார். 1892 இல் கேர்க்ஸ்வில் நகரில் அதற்கெனக் கல்லூரியும் நிறுவினார். பிரித்தானியாவில் 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்றவரே அத்தொழிலைச் செய்யலாம். நாட்பட்ட இடுப்புநோவுக்கு இம்முறை பயன்படுவதற்கு நல்ல சான்றுகள் உள்ளன; தோள்நோவுக்கோ சான்றுகள் குறைவே.

இறுதியில் அரசினர் வைத்தியசாலைக்குச் சென்றேன். தோளைப் பார்த்த வைத்தியர், முதலில் இரத்தத்தைச் சோதிக்கச் சொன்னார். நான் அறியாமலே நீரிழிவு என்னிடம் குடிபுகுந்திருந்தது!

தோள்மூட்டைச் சூழ்ந்த உறை தடித்துச் சுருங்குவதே இந்நோய். கொட்மன் என்னும் அமெரிக்க சத்திர வைத்தியர் 1934 இல் இதற்கு 'உறைந்த தோள்' என்று பெயரிட்டார். நாற்பது முதல் அறுபது வயதுக்குட்பட்டோரிடத்தும், நீரிழிவுடையோரிடத்தும் இது மிகுதியாகக் காணப்படும். முதலில் நோவு, அடுத்து இறுக்கம், பின்னர் மெல்லத் தளர்ச்சி என மூன்று நிலைகளாக, ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை நீடிக்கும். வலிந்து இழுத்தால் தசைநார் அறுதலும், என்பு முறிதலும் கூட நேரலாம்.

எனக்குக் கற்பித்த பயிற்சி எளியது. நல்ல கையை மேசையில் ஊன்றி, முன்குனிந்து, நோவுள்ள கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, மணிக்கூட்டின் ஊசல்போல மெல்ல ஆட்டுதல் வேண்டும். நோவு சற்று அடங்கிய பின், சுவரில் விரல்களை ஊர்ந்தேறச் செய்தல் வேண்டும். நாள்தோறும் இதைச் செய்து, உணவையும் அடக்கி, ஓராண்டு கழிந்தபின் பலகையின் மேல்வரியில் மீண்டும் எழுதினேன்.

ஓர் எச்சரிக்கை: திடீரெனக் கைநோவுடன் மார்பு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் தோன்றினால் தைலம் தேடாதீர்கள், அது இருதய நோயாக இருக்கக்கூடும். உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

இவற்றையெல்லாம் கேட்ட பெரியவர் சற்று நேரம் கடலையே நோக்கியிருந்தார். பின்பு, "அப்ப, முதல்ல சீனி வருத்தம் இருக்கா எண்டு பாக்கணும், சேர்" என்றார்.

"ஓம் காக்கா, நாளைக்கே வாங்க. நானும் கூட வாறன்" என்றேன்.