தக்காளிக்கு மண் வேண்டாம், எங்களுக்குக் கிணறு வேணும்

மண் இல்லாட்டியும் தக்காளி காய்க்கும். பச்சைவீட்டுக்குள் தும்புத்தூள் நிரப்பிய பையில் கன்றை நட்டு, உரம் கரைத்த நீரைச் சொட்டுச்சொட்டாக விட்டால் சரி. வெளிநாட்டுப் பச்சைவீடுகளுக்கு அந்தத் தும்புத்தூளை அனுப்பும் நாடுகளில் இலங்கையும் ஒன்று. இங்கயும் இந்த முறை மெல்ல மெல்ல வருது. நல்லது. ஆனால் பைக்கு அடியால வடியிற தண்ணி எங்க போகுது?

பையில் உப்புச் சேராமல் இருக்க, கன்று உறிஞ்சுவதைவிடக் கூடுதலாகவே நீர் விடுவார்கள். விட்டதில் கால்வாசி வெளியே வடிவது சாதாரணம். அது வெறும் தண்ணீர் இல்லை. நைத்திரேற்று, பொசுபேற்று, பொற்றாசியம் எல்லாம் கரைந்த உரம்.

யாழ்ப்பாணத்தில் அதை நிலத்தில் விட்டால், சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி நிலத்தடி நீரோடுதான் சேரும். எங்களுக்கு வருடம் முழுக்க ஓடுற ஆறு இல்லை. குடிக்கவும் இறைக்கவும் கிணறுதான். தோட்டங்களுக்கு அள்ளிப்போட்ட யூரியாவும் மலசலகூடக் குழிகளும் சேர்ந்து, பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவை உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலே ஏற்கெனவே கொண்டுபோய்விட்டன. அந்தத் தண்ணீரில் கரைத்த பால்மாவைக் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் போகலாம். உடல் நீலம் பாயலாம்.

ஆகவே, மண்ணில்லா விவசாயம் என்றாலே சுத்தம் என்ற கதை எங்களுக்குச் சரிவராது. வடியும் நீரைத் தொட்டியில் சேர்த்து, கிருமி நீக்கி, திரும்பக் கன்றுக்கே விட வேண்டும். இது முதல் படி.

அடுத்த படி கொஞ்சம் சங்கடமானது. வீட்டுக் கழிவுநீரில் உள்ள நைதரசனில் ஏறக்குறைய 80 வீதம் எங்கட சிறுநீரில இருந்து வருது. அதைக் குழிக்குள் விட்டுக் கிணற்றைக் கெடுக்கிறம். பிறகு அதே நைதரசனைக் காசு குடுத்துக் கப்பலில் இறக்குறம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியபோது கமக்காரர் பட்ட பாடு மறக்குமா?

"மூத்திரத்தில வளர்ந்த தக்காளியோ? சீ!" என்று அம்மம்மா சொல்லுவா. நியாயம்தான். அப்படியே ஊத்தவும் ஏலாது. அமோனியம் கூடினால் தக்காளி கல்சியத்தை எடுக்கச் சிரமப்படும். காயின் அடி கறுத்து அழுகும். சுவிற்சர்லாந்தில் சிறுநீரைத் தனியாகச் சேர்த்து, பற்றீரியாக்களைக் கொண்டு அமோனியாவின் ஒரு பகுதியை நைத்திரேற்றாக்கி, கரியால் மருந்து எச்சங்களை அகற்றி, வெப்பமேற்றிச் செறிவாக்குகிறார்கள். 'ஓரின்' என்ற அந்தத் திரவ உரத்தை உணவுப் பயிர்களுக்கும் பாவிக்க 2018இல் அந்நாட்டு அரசு அனுமதித்தது.

இதை நாளைக்கே வீட்டுக்கு வீடு செய்யச் சொல்லவில்லை. விவசாய பீடங்கள் எங்கட வெயிலுக்கும் எங்கட தண்ணிக்கும் இதைச் செய்து பார்க்கட்டும். அதுவரைக்கும் பச்சைவீட்டுக்கு மானியம் குடுக்கிறவர்கள் ஒரு நிபந்தனை வைக்கலாம்: வடிநீர்த் தொட்டி இல்லையென்றால் மானியமும் இல்லை.

தக்காளி மலிஞ்சால் எல்லாருக்கும் சந்தோசம். அதுக்குக் கிணத்தை விலையாக் குடுக்க ஏலாது.