நோட் ஷீட் இல்லாத கார்

கார் ரிப்பேர் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. புதுச்சேரி அரசில் முப்பத்தைந்து வருடம் கிளார்க்காக இருந்தவன் நான். ஸ்பேனர் பிடித்ததில்லை. ஆனால், பழைய கார்களில் வரும் கோளாறுகளில் பாதி, யாரோ எதையோ மாற்றிவிட்டு எழுதி வைக்காமல் போனதால் வருகிறது என்பது என் கட்சி. எழுதி வைப்பது பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு.

2011-இல், ஓய்வு பெற்ற மறு வருடம், 1999 மாடல் மாருதி 800 ஒன்றை 58,000 ரூபாய்க்கு வாங்கினேன். மனைவிக்கு மூட்டுவலி, பஸ் படி ஏற முடியாது. விற்றவர் சொன்னார்: “சார், ஒரே கை ஓட்டின வண்டி. கம்பெனியில எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கு.” ஆர்.சி. புத்தகத்திலும் எரிபொருள் பெட்ரோல் என்றுதான் இருந்தது. நான் அதை நம்பினேன். எழுத்தில் இருப்பதை நம்புவது எங்கள் தொழில் புத்தி.

இரண்டாவது வாரமே தொல்லை ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டி, பெட்ரோல் தீர்ந்தது போல இருமி இருமி நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்து, ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். முதல் மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். இரண்டாமவர் பெட்ரோல் பம்ப் போய்விட்டது என்று புதிது போட்டார். மூன்றாமவர் காயில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் ஒயர் எல்லாவற்றையும் மாற்றினார். நான்கு மாதத்தில் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. ஒவ்வொரு தடவையும் வண்டி ஸ்டார்ட் ஆனது. ஒவ்வொருவரும், “பார்த்தீங்களா, இதுதான் சார் கோளாறு” என்றார்கள். சில நாள் கழித்து மறுபடியும் நின்றது.

ஒரு நாள் மாலை கடலூர் சாலை ரயில்வே கேட்டில், தண்டவாளத்தின் மேலேயே நின்றது. பின் சீட்டில் மனைவியும் பேத்தியும். வழியில் போனவர்கள் நாலு பேர் ஓடி வந்தார்கள். கேட்காரர் சத்தம் போடுகிறார். மனைவியால் சட்டென்று இறங்க முடியாது. பேத்தியை யாரோ தூக்கிக்கொண்டார்கள், வண்டியைத் தள்ளிவிட்டார்கள். கேட் மூட இன்னும் நேரம் இருந்தது. ஆபத்து ஒன்றும் இல்லை என்று பிறகு சொன்னார்கள். அந்த நேரத்தில் எனக்கு அது தெரியாதே. வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள்: “என்னங்க, இனிமே புள்ளைய இந்த வண்டியில ஏத்தாதீங்க.” நான் பதில் பேசவில்லை.

மறுநாள் முதலியார்பேட்டையில் ஒரு வயதான கார் எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. டிக்கியைத் திறந்து மேட்டைத் தூக்கினார். தரையில் நாலு ஓட்டை, புட்டி வைத்து அடைத்திருந்தது. டேஷ்போர்டில் பிள்ளையார் ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். அதன் கீழே ஒரு சதுர ஓட்டை, சுவிட்ச் இருந்த இடம். “ஐயா, இது கேஸ்ல ஓடின வண்டி. உங்ககிட்ட சொல்லலையா?” என்றார்.

விஷயம் இதுதான். பெட்ரோல் காரில் கேஸ் கிட் போடும்போது, பெட்ரோல் போகும் குழாயில் ஒரு சாலினாய்டு வால்வு வைப்பார்கள். கரண்டு இருந்தால் அது திறந்திருக்கும். கரண்டு நின்றால் மூடிக்கொள்ளும். கேஸில் ஓடும்போது பெட்ரோல் போகக்கூடாதே, அதற்காக. கிட்டைக் கழற்றி விற்றவர் இந்த வால்வை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். அது திறந்தே இருக்கட்டும் என்று இக்னிஷனிலிருந்து ஒரு ஒயரை எடுத்து, முறுக்கி, டேப் சுற்றிவிட்டார். என்ஜின் சூட்டில் டேப்பின் பசை உருகி, முறுக்கு தளர்ந்துவிட்டது. பள்ளத்தில் குலுங்கினால் தொடர்பு விட்டுப் போகும், வால்வு மூடிக்கொள்ளும்.

ஆனால் வண்டி உடனே நிற்காது. கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் தீரும் வரை ஓடும். குலுங்கிய பள்ளம் ஓர் இடம், நின்ற இடம் வேறு. அதனால் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. மெக்கானிக் வந்து பானட்டைத் திறந்து மூடும் அதிர்ச்சியில் ஒயர் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அவர் மாற்றிய பொருளுக்குப் பெயர் கிடைக்கும்.

அந்தப் பெரியவர் செய்த சோதனை மிகச் சாதாரணம். சாவியைப் போட்டு அந்த ஒயரை ஆட்டினார். டெஸ்ட் லேம்ப் அணைந்து அணைந்து எரிந்தது. வால்வு டக், டக் என்றது. வால்வை எடுத்துவிட்டு நேர்க் குழாய் போட்டார். நூற்றைம்பது ரூபாய் கேட்டார். வண்டி அதற்குப் பிறகு அப்படி நின்றதே இல்லை.

பள்ளியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார், நாங்கள் மெசியே என்று கூப்பிடுவோம், டெகார்த் 1637-இல் எழுதிய நூலிலிருந்து ஒரு விதியை மண்டையில் ஏற்றினார்: பெரிய சிக்கலைச் சிறு சிறு துண்டாகப் பிரித்துப் பார். நின்ற வண்டிக்கும் அதே விதிதான். நின்ற அந்த நிமிடத்திலேயே பார்க்க வேண்டும்: பிளக்கில் பொறி வருகிறதா, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வருகிறதா? பொறி வந்தால் காயிலைத் தொடாதே. பெட்ரோல் வரவில்லை என்றால் குழாயைத் தொடர்ந்து போ. எதுவரை வருகிறது, எங்கே நிற்கிறது? இந்த இரண்டு கேள்விக்குப் பத்து நிமிடம் போதும். மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

அவர்களை மட்டும் திட்டி முடித்தால் அது நேர்மை ஆகாது. மூன்றாவது மெக்கானிக்கிடம் பின்னால் சண்டைக்குப் போனேன். அந்தத் தம்பி அமைதியாகச் சொன்னார்: “சார், ரெண்டு மணி நேரம் பார்த்துட்டு ஒயர் லூசுன்னு சொன்னா நீங்க காசு குடுப்பீங்களா? காயில் மாத்தினாத்தான் குடுப்பீங்க.” எனக்குச் சுருக்கென்றது. உண்மைதானே. டாக்டர் கை பிடித்துப் பார்ப்பதற்குப் பணம் கொடுக்கிறோம். மெக்கானிக் பார்த்தால் மட்டும் “சும்மா பார்த்ததுக்குக் காசா?” என்கிறோம். பொருள் மாற்றினால்தான் கூலி என்றால் பொருள்தான் மாறும்.

சட்டம் இல்லாமலும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, மாற்றம் செய்தால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும் என்கிறது. செய்தவர் எத்தனை பேர்? சொந்தக் காரின் பதிவு 15 வருடம் செல்லும். அதுவரை வண்டி எத்தனை கை மாறினாலும் பானட்டைத் திறந்து பார்க்கும் கட்டாயம் யாருக்கும் இல்லை. பிரான்சில் இருக்கும் என் சித்தப்பா மகன் இதைக் கேட்டுச் சிரிக்கிறான். அங்கே நாலு வருடம் தாண்டிய காரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். விற்பதென்றால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பரிசோதனைச் சீட்டை வாங்குகிறவரிடம் கொடுக்க வேண்டும். நம் ஊரில் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுக்கிறோம்.

மாற்றம் செய்வது பாவம் என்று நான் சொல்லவில்லை. பெட்ரோல் விலை ஏறினால் மனிதன் கேஸுக்குத்தான் போவான். ஆனால் அலுவலகத்தில் ஒரு ஃபைலில் ஒரு வரி மாறினாலும் நோட் ஷீட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வைப்போம். ஏன்? அடுத்து உட்காருபவன் முட்டாளாகக் கூடாது என்று. உயிரை ஏற்றிப் போகும் வண்டிக்கு அந்த மரியாதை கூடவா இல்லை?

ஆகவே பழைய வண்டி வாங்கும் நண்பர்களே, “என்ன மாத்தினீங்க?” என்று நேராகக் கேளுங்கள். பதிலை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். டிக்கி மேட்டைத் தூக்கிப் பாருங்கள். கம்பெனி ஒயரில் டேப் சுற்றிய இடம் இருந்தால் அது எங்கே போகிறது என்று பாருங்கள். மெக்கானிக் யோசிக்கும் நேரத்துக்குக் கூலி கொடுங்கள்.

2017-இல் அந்தக் காரை விற்றேன். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டும் கொடுத்தேன்: என்ன மாற்றியது, எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டரில், ஏன். வாங்கிய பையன், “இதெல்லாம் எதுக்கு சார்?” என்றான். நோட்டைப் பெற்றுக்கொண்டதற்கு அவனிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.