பழைய போனைத் தூக்கிப் போடாதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. கோயில் வேலையில இருக்கிறவங்க தயவுசெய்து முழுசா படிங்க.

கும்பாபிஷேக மலருக்காகப் பழைய படங்கள் தேடினோம். தோட்டத்தில் கோயில் இருந்த காலத்துப் படங்கள். ஆலய அலமாரியில் வரவு செலவுக் கணக்கு பத்திரமா இருந்தது, படம் ஒன்றுகூட இல்லை. விசாரித்தால், திருவிழா தவறாமல் படம் எடுத்தவர் ஒரே ஒரு ஐயாதான். அவர் தவறி இரண்டு வருஷமாச்சு. வீட்டுக்குப் போனோம். அம்மா மேசை டிராயரிலிருந்து ஒரு பழைய போனை எடுத்துக் கொடுத்தார். "பழைய சாமான்காரர்கிட்ட போடலாம்னு இருந்தேன் தம்பி" என்றார். நமக்கு வயிறு கலங்கிப் போச்சு.

பாதித் திரை தெரியவில்லை. நல்ல வேளை, பூட்டு இல்லை. சார்ஜ் ஏற்றி கணினியில் மாட்டினால் ஒன்றும் வரவில்லை. அப்புறம்தான் புரிந்தது, சில வயர்கள் சார்ஜுக்கு மட்டும்தான், படத்தைக் கடத்தாது. வேறு வயர் மாற்றி, போன் திரையில் வந்த யூஎஸ்பி அறிவிப்பைத் தொட்டு, 'கோப்புப் பரிமாற்றம்' என்று தேர்ந்தெடுத்ததும் திறந்தது. கேமரா படங்கள் 'டிசிஐஎம்' என்ற கோப்புறையில் இருக்கும். வாட்ஸ்அப் படங்கள் தனிக் கோப்புறையில். மூடியைக் கழற்றி மெமரி கார்டு இருக்கான்னும் பாருங்க. எதையும் நகர்த்தாதீங்க, நகல் மட்டும் எடுங்க. அம்மாவிடம் அனுமதி கேட்டு, அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் செய்தோம். குடும்பப் படங்களைத் தனியாக அவருக்கே கொடுத்துவிட்டோம்.

படங்கள் வந்தன. ஆலமரத்தடிச் சூலம். செம்மண் சாலையில் பால்குடம். பின்னால் லயத்து வீடுகள். இன்றைக்கு அங்கே போனால் வீடமைப்புப் பகுதிதான். நம்ம கோயில் பாட்டி ஒருவர் ஒரு படத்தைப் பார்த்து, "இது எங்க அண்ணன்டா" என்று அழுதுவிட்டார். அவர் வீட்டில் அண்ணன் படம் ஒன்றுகூட இல்லையாம்.

"எல்லாம்தான் வாட்ஸ்அப் குழுவில் இருக்கே" என்று சிலர் சொல்றாங்க. அதில் வருவது பெரும்பாலும் சுருக்கப்பட்ட படம். மலரில் பெரிசா அச்சடித்தால் மங்கிவிடும். போன் மாற்றும்போது பேக்கப் எடுக்காதவருக்கு அதுவும் இல்லை. குழு என்பது செய்தி சொல்லும் இடம், பெட்டகம் இல்லை.

12 வருஷத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகம் செய்கிறோம். அதற்குள் நம்ம கையில் மூன்று நான்கு போன் மாறிவிடுகிறது. கோபுரத்துக்கு வர்ணம் பூச நிதி திரட்டுகிறோம், நினைவைக் காக்க ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்க யோசிக்கிறோம். தோட்டம் போச்சு, இடம் போச்சு. நாம் அங்கே வாழ்ந்தோம் என்பதற்கான சாட்சியும் டிராயரில் கிடந்து அழியணுமா?

நிர்வாகத்துக்கு நம்ம வேண்டுகோள் இதுதான். படங்களுக்கென்று ஒருவரைப் பொறுப்பாக நியமிங்க. வருஷம், திருவிழா வாரியாகப் பிரித்து இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்க. ஒன்று ஆலயத்தில், இன்னொன்று வேறு இடத்தில். படத்தில் இருப்பவர் யார் என்று பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதுங்க. படத்தை மீட்டுவிடலாம், பெயரை மீட்க எந்தக் கணினியாலும் முடியாது.

வீட்டில் பழைய போன் வைத்திருப்பவர்களுக்கு மூன்று விஷயம். பின்பக்கம் உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீங்க, கடையில் காட்டுங்க. பாஸ்வேர்டு மறந்திருந்தால் கண்டபடி அடித்துப் பார்க்காதீங்க. யாராவது 'ரீசெட் பண்ணித் தரேன்' என்றால் வேண்டாம்னு சொல்லுங்க, போனில் இருக்கிற படமெல்லாம் அழிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் மண்டபத்தில் ஒரு மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்போம். வரும்போது டிராயரை ஒருமுறை திறந்து பார்த்துட்டு வாங்க.